கல்லான மரமும் கரியான மரமும்

புதுச்சேரியின் திருக்கனூருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, சங்கராபரணி ஆற்றங்கரைத் திருவக்கரையில், செம்மண் மேட்டில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் வயல்களின் அடியில், அதே செம்மண் கல்லோடு சேர்த்துச் சொல்லப்படும் படிவுகளில், மரங்கள் பழுப்பு நிலக்கரியாகிக் கிடக்கின்றன. இரண்டும் ஒருகாலத்தில் இலை விட்டு நின்றவை. வேதியியல் முதலதைக் கனிமப் பொருள் என்று ஒரு பக்கமும், இரண்டாவதைக் கரிமப் பொருள் என்று மறுபக்கமும் வைக்கிறது. இந்தப் பிரிவினை எப்போதும் ஒரே அர்த்தத்தில் இருந்ததில்லை. புதுச்சேரி வட்டாரத்தில் இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்ட 1781 முதல் 1884 வரையிலான ஏறத்தாழ நூறாண்டுக்குள்தான் கரிமம், கனிமம் என்ற பாகுபாட்டின் அடிப்படையும் தலைகீழாக மாறியது.

திருவக்கரைக் கல்மரங்கள் கடலூர் மணற்கல் எனப்படும் பாறைத் தொகுதியில் புதைந்திருப்பவை. இரும்புச்சத்தால் சிவந்த இந்த மணற்கல்தான் புதுச்சேரிக்கு மேற்கிலும் வடக்கிலும் தெரியும் செம்மண் மேடுகளை உண்டாக்கியது. கல்மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை குறிப்பிடுகிறது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அத்துறை அறிவித்துள்ள இந்தப் பூங்கா ஒன்பது துண்டுகளாக 247 ஏக்கரில் பரந்திருக்கிறது; பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்கக்கூடியது அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. மூன்று மீட்டர் முதல் பதினைந்து மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் அங்கே கிடைமட்டமாகக் கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, பட்டையும் பெரும்பாலும் இல்லை. இவை நின்ற இடத்தில் சாய்ந்தவை அல்ல. எங்கோ மேற்கே வேரோடு பெயர்ந்து, வெள்ளத்தில் உருண்டு உரசி, கிளையும் பட்டையும் இழந்து, மணலோடு ஒதுங்கிப் புதைந்தவை என்று புவியியலாளர்கள் முடிவு செய்ததற்கு இந்த மொட்டைக் கோலமே ஆதாரம்.

புதைந்த மரம் வழக்கமாக மட்கிப்போகும். திருவக்கரையில் மணலும் களியும் மேலே விரைவாகப் படிந்து காற்றை அடைத்துவிட்டதால் மட்கும் வேலை தாமதப்பட்டது. அந்த இடைவெளியில் மணல் வழியாகக் கசிந்த நிலத்தடி நீர், பாறைக் கனிமங்கள் சிதைந்து கரைந்த சிலிக்காவைச் சுமந்து வந்தது. மரத்தின் செல்லுலோஸும் லிக்னினும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்தவை. கரைந்த சிலிக்கா அவற்றைப் பற்றிக்கொண்டு செல்சுவர்களின் மேல் படலமாகப் படிந்தது. பிறகு செல்லின் உள்வெளியையும் நிரப்பியது. சுவர் மெல்ல அழிய அழிய அதன் இடத்தையும் சிலிக்கா எடுத்துக்கொண்டது. நீர் கலந்த ஓபல் வடிவில் படிந்த சிலிக்கா காலப்போக்கில் நீரை இழந்து குவார்ட்சாக இறுகுகிறது. மரத்தின் உருவம் தங்கிவிட்டது, மரத்தின் பொருள் ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது.

அந்த உருவம் எவ்வளவு நுணுக்கமாகத் தங்கியிருக்கிறது என்பது கல்மரத்தில் ஒரு சீவலை வெட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைக்கும்போதுதான் தெரியும். நீரேற்றிய குழாய்களின் வட்டத் துளைகள், அவற்றுக்கு இடையே ஓடும் கதிர்த்திசுக்கள், துளையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு செல்கள் எல்லாம் வரிசை கலையாமல் இருக்கும். இந்த வரிசையை வைத்தே தாவரவியலாளர்கள் குடும்பத்தை அடையாளம் காண்கிறார்கள். 1950-களிலும் 60-களிலும் சி.ஜி.கே. ராமானுஜம் தென்னார்க்காட்டுக் கல்மரங்களை இம்முறையில் ஆராய்ந்து பல இனங்களை விவரித்தார். புன்னை, புளி, மருது, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும், இன்று இந்தச் சமவெளியில் இயல்பாக வளராத ஊசியிலை மர வகைகளும் இங்கே இருந்திருக்கின்றன. பிரித்தறிவதற்கு வேண்டிய அத்தனை அடையாளமும் கைக்குக் கிடைத்தது. பிரித்தறியப்பட்ட பொருளோ வெறும் சிலிக்கன் டையாக்சைடு.

ஊர் மக்களுக்கு இந்தக் கற்கள் புதியவை அல்ல. திருவக்கரை தேவாரம் பெற்ற தலம். சந்திரமௌலீஸ்வரர் கோயிலைவிட அங்குள்ள வக்ரகாளியம்மன் சந்நிதிதான் இன்று சுற்று வட்டாரத்தில் பெயர்பெற்றது. வக்ராசுரன் என்ற அரக்கன் வதைக்கப்பட்ட தலக்கதையோடு சேர்த்து, மேட்டில் கிடப்பவை அரக்கனின் எலும்புகள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை கதைதான். ஆனால் கல் போலத் தோன்றும் ஒன்று முன்பு உயிருள்ள உடலாக இருந்தது என்ற பார்வை அதில் இருப்பதைக் கவனிக்கலாம். உடல் எது என்பதில்தான் புவியியலோடு வேறுபாடு.

ஐரோப்பியர் ஏட்டில் இந்த இடம் ஏறியது 1781-ல், பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா வழியாக. அவருடைய கிழக்கிந்திய, சீனப் பயண நூல் 1782-ல் பாரிஸில் வெளியானது. அந்நாளைய ஐரோப்பிய வேதியியலில் பொருள்களை வகுக்க ஒரு பழைய சட்டகம் இருந்தது. நிக்கோலா லெமெரி 1675-ல் வெளியிட்ட வேதியியல் பாடநூல் பொருள்களைத் தாதுப்பொருள், தாவரப்பொருள், விலங்குப்பொருள் என்று மூன்றாகப் பிரித்தது. சர்க்கரை, எண்ணெய், பிசின், சாயம் ஆகியவை தாவரத்தில். இரத்தம், கொழுப்பு, சிறுநீர் ஆகியவை விலங்கில். உப்பு, சுண்ணாம்பு, உலோகம், கல் ஆகியவை தாதுவில். எது எங்கிருந்து வந்தது என்பதே வகைப்பாட்டின் அளவுகோல். திருவக்கரைக் கட்டை இந்த அளவுகோலுக்கு அடங்காது. வந்த வழியைப் பார்த்தால் தாவரம், சோதித்துப் பார்த்தால் தாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் பெர்சீலியஸ் தாவர, விலங்குப் பொருள்களை ஒன்றாக்கி, மூன்று பிரிவை இரண்டாகச் சுருக்கினார். உயிருள்ள உறுப்புகளிலிருந்து கிடைப்பது ஒரு பிரிவு, மற்றவை ஒரு பிரிவு. முதல் பிரிவுப் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் சிதைத்துப் பார்க்க முடிந்ததே தவிர, தனிமங்களிலிருந்து கட்டியெழுப்ப முடியவில்லை. அவற்றை ஆக்குவதற்கு உயிருக்கே உரிய ஒரு விசை வேண்டும் என்ற கொள்கை அந்த இயலாமையிலிருந்து வலுப்பெற்றது.

அவருடைய மாணவராக இருந்த ஃபிரெட்ரிக் வோலர் 1828-ல் வெள்ளி சயனேட்டையும் அம்மோனியம் குளோரைடையும் வினைபுரியச் செய்தார். அவர் எதிர்பார்த்தது அம்மோனியம் சயனேட். கையில் கிடைத்த வெண்படிகம் அந்த உப்பின் குணம் எதையும் காட்டவில்லை. சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் யூரியாவோடு எல்லா வகையிலும் ஒத்துப்போனது. சிறுநீரகம் எதுவும் இல்லாமலே யூரியா செய்ய முடிந்தது என்று பெர்சீலியஸுக்கு அவர் எழுதிய கடிதம் வேதியியல் வரலாற்றில் புகழ்பெற்றது. அம்மோனியம் சயனேட், யூரியா இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. கரிமம் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. அவை கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. பாடநூல்கள் சொல்வதுபோல உயிர்விசைக் கொள்கை அன்றே விழுந்துவிடவில்லை. வோலர் எடுத்துக்கொண்ட சயனேட்டின் மூலமும் விலங்குப் பொருள்தானே என்று கேட்க இடமிருந்தது. 1845-ல் ஹெர்மன் கோல்பே தனிமங்களில் தொடங்கிப் பல படிகளில் அசிட்டிக் அமிலத்தை ஆக்கிய பிறகு அந்தக் கேள்விக்கும் இடம் குறைந்தது. 1861-ல் வெளிவந்த தம் பாடநூலில் கெக்குலே கரிம வேதியியலைக் கரிமச் சேர்மங்களின் வேதியியல் என்றே வரையறுத்தார். பிறப்பிடம் அளவுகோலாக இருந்த காலம் அதோடு முடிந்தது. இப்போது கேட்க வேண்டியது, பொருளுக்குள் இப்போது என்ன இருக்கிறது, எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதுதான்.

இதே ஆண்டுகளில் புதுச்சேரிக்கு வடமேற்கே வேறொரு வகைப் படிவம் ஆராயப்பட்டது. 1840-களில் சி.டி. கேய் என்ற சென்னை அரசு அதிகாரி, நண்பர் கன்லிஃபுடன் சேர்ந்து இப்பகுதியின் சுண்ணாம்புக் கற்களிலிருந்து சிப்பி, நத்தை, அம்மோனைட் ஓடுகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் 1862-ல் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளிப் பாறைகளைப் பற்றிய விரிவான அறிக்கையை எழுதினார். வழுதாவூரும் வானூரும் கரசூரும் இன்று உலகப் புவியியல் நூல்களில் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக நிற்பதற்கு இந்த ஆய்வுகளே தொடக்கம். திருக்கனூருக்கு அருகிலுள்ள வழுதாவூரின் பெயர் தாங்கிய தொகுதி, டைனோசர்கள் இருந்த கிரெட்டேசியக் காலத்தின் இறுதிப் பகுதியில் அங்கே கடல் நின்றதைச் சொல்கிறது.

ஓடுகளின் பொருள் கால்சியம் கார்பனேட். உயிர் ஆக்கியது, கரிமமும் உள்ளது. ஆனாலும் வேதியியல் அதைக் கனிமச் சேர்மம் என்கிறது. கரிமம் இருந்தாலே கரிமச் சேர்மம் என்று கெக்குலேயின் வரையறையைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் இது பிழையாகத் தோன்றும். காரணம் பொருளின் நடத்தையில் இருக்கிறது. கார்பனேட்டில் கரிம அணு மூன்று ஆக்சிஜன்களோடு மட்டும் பிணைந்து ஓர் அயனியாக நிற்கிறது. ஹைட்ரஜனோடோ மற்றொரு கரிம அணுவோடோ அதற்குத் தொடர்பில்லை. சங்கிலியாக நீளவோ வளையமாக மூடவோ அதனால் முடியாது. கார்பன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, சயனைடுகள், கார்பைடுகள், வைரம், கிராஃபைட் எல்லாமும் மரபாகக் கனிமப் பக்கம் வைக்கப்படுகின்றன. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவர்களுக்கு இந்த நடத்தை கைப்பழக்கம். கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கித் தீ வைத்தால் கரி எரிந்து தீரும், கிளிஞ்சல் எரியாது. அது 900 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் கார்பன் டையாக்சைடை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாக மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பொடியாகும். புதுச்சேரியின் பழைய வீடுகளின் வழுவழுப்பான சுவர்ப் பூச்சு இப்படி வந்த சுண்ணாம்பில் ஆனது.

எரிவது, கருகுவது என்ற இந்தச் சோதனை எளியதானாலும் ஆழமானது. கரிமச் சேர்மங்களில் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சகப்பிணைப்பால் மூலக்கூறுகளாக நிற்கின்றன. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிடிப்பு பொதுவாகத் தளர்ந்தது. ஆகவே பெரும்பாலானவை குறைந்த சூட்டில் உருகும், ஆவியாகும் அல்லது கருகும். சர்க்கரை 200 டிகிரிக்குள்ளேயே உருகிப் பழுப்பாகிறது, மேலும் சூடேறினால் கரியாகிவிடுகிறது. சாதாரண உப்பு உருக 801 டிகிரி வேண்டும். திருவக்கரைக் கல்லின் குவார்ட்ஸ் உருக ஏறத்தாழ 1,700 டிகிரி. உப்பில் அயனிகளும், குவார்ட்சில் சிலிக்கனும் ஆக்சிஜனும் எல்லாத் திசையிலும் விடாமல் கோத்த வலையும் இருப்பதே காரணம். எண்ணிக்கையிலும் இரு பிரிவுகளுக்கும் ஒப்பில்லை. கரிமம் தன்னோடு தானே பிணைந்து நீளக்கூடியது என்பதால், ஒரு தனிமத்தைச் சுற்றியுள்ள சேர்மங்கள் கோடிக்கணக்கில் அறியப்பட்டிருக்கின்றன. மற்றத் தனிமங்களின் சேர்மங்கள் எல்லாம் சேர்ந்தும் அதற்கு ஈடாகவில்லை.

கைவினைகளில் இந்த இரண்டும் தனித்தனியே நிற்பது அரிது. வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலையும் புவிசார் குறியீடு பெற்ற புதுச்சேரிக் கைவினைகள். களிமண் அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் சேர்ந்த கனிமம். சூளையில் நீரை இழந்து மீளாத வகையில் இறுகுகிறது. காகிதக்கூழ் செல்லுலோஸ், சூளைக்குப் போனால் சாம்பல்தான் மிஞ்சும். அதனால் கூழ்ப் பொம்மையை வெயிலில் மட்டுமே காய வைக்க வேண்டும். ஆனால் கூழுக்கு உடல் கொடுக்கச் சேர்க்கும் சுண்ணக்கட்டித் தூள் கனிமம். களிமண்ணிலும் மட்கிய இலை தழையின் மிச்சம் இருக்கும், சூளையில் அது எரிந்து போகிறது.

பாகூர் நிலக்கரியின் கதை தண்ணீர் தேடியதில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியில் தானே பொங்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. 1880-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் அவற்றைப் பற்றி எழுதும் அளவுக்கு அவை கவனம் பெற்றிருந்தன. 1884-ல் பாகூர், அரங்கனூர்ப் பகுதியில் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதைப் பிரெஞ்சுப் பொறியாளர் புவாலே பதிவு செய்தார். தென்னார்க்காட்டுக் கரையோரத்தில் நிலக்கரி இருப்பதற்கான முதல் பதிவு அதுதான். பிரெஞ்சு ஆட்சி அதை வெட்டி எடுக்கவில்லை.

திருவக்கரை மரங்கள் மணலில் விழுந்தன, பாகூர் மரங்கள் சதுப்பில் விழுந்தன. இரண்டின் விதியையும் பிரித்தது ஏறக்குறைய இந்த ஒரு வேறுபாடுதான். ஓடாத நீர் நின்ற சதுப்பில் ஆக்சிஜன் இல்லை, சிலிக்காவைச் சுமந்து வரும் ஓட்டமும் குறைவு. செல்லுலோஸ் நுண்ணுயிர்களுக்கு இரையானது. கடினமான லிக்னின் பெரும்பங்கு தங்கியது. மேலே படிவுகள் ஏற ஏற அழுத்தத்தாலும் சூட்டாலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் நீராகவும் வாயுக்களாகவும் கழிந்தன. காய்ந்த மரத்தில் எடைக்கு ஏறத்தாழ பாதி கரிமம். பழுப்பு நிலக்கரியில், ஈரத்தையும் சாம்பலையும் நீக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மரத்திலிருந்து கரிமம் வெளியேறிய இடம் திருவக்கரை என்றால், மற்றவை வெளியேறிக் கரிமம் செறிந்த இடம் பாகூர்.

பாகூரில் விட்டதை நெய்வேலி எடுத்துக்கொண்டது. 1930-களின் நடுவில் நெய்வேலியின் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்புப் பொருள் மேலே வந்தது. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி அடுக்கு எட்டப்பட்டது. வெட்டும் வேலைக்கு இரண்டு பெரிய தடைகள் இருந்தன. மேலே மூடியிருந்த கடலூர் மணற்கல் ஒன்று. அதிலுள்ள சிலிக்கா, ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர எந்திரங்களின் பற்களைத் தேய்த்தது. கீழே அழுத்தத்தோடு நின்ற ஊற்று நீர் மற்றொன்று. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் குழியில் வேலை செய்ய முடியாது. பாகூரில் தேடிய தண்ணீரும் இதே வகைதான். புதுச்சேரியின் பழுப்பு நிலக்கரி இருப்பு ஏறத்தாழ 41 கோடி டன் என்று பிற்கால மதிப்பீடுகள் காட்டினாலும், நெல் விளையும் வட்டாரம் என்பதால் அது நிலத்தடியிலேயே இருக்கிறது.

வெட்டியெடுக்கும்போது நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். உலர்த்தி, அழுத்தி, காற்றில்லாமல் கருக்கிய வில்லைகள் லெகோ என்ற பெயரில் விற்கப்பட்டன. எரிவாயு உருளை பரவாத 1970-களில் தமிழ்நாட்டு நகர்ப்புற அடுப்படிகளில் அது பழகிய எரிபொருள். எரித்து முடித்தால் கொஞ்சம் சாம்பல் தங்கும். மரம் உயிரோடிருந்தபோது வேரால் உறிஞ்சியதும், புதைந்த பிறகு நீர் கொண்டுவந்து சேர்த்ததுமான சிலிக்கா, கால்சியம், இரும்பு, அலுமினியச் சேர்மங்கள்தான் அந்தச் சாம்பல். கரிமப் பொருள் என்று பெயர் பெற்றதற்குள்ளும் கனிமப் பகுதி உண்டு என்பதை அடுப்பு பிரித்துக் காட்டியது.

1966-ல் நெய்வேலியில் உரத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியைக் கொஞ்சமான ஆக்சிஜனும் நீராவியும் கொண்டு வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றின் நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கினார்கள். அம்மோனியாவும் கார்பன் டையாக்சைடும் அதிக அழுத்தத்தில் சேர்ந்து அம்மோனியம் கார்பமேட் ஆகி, நீரை இழந்து யூரியாவாகும். வினையில் கலக்கும் இரண்டு பொருள்களும் கனிமச் சேர்மங்கள். விளைவது கரிமச் சேர்மம். வோலர் சிறு குடுவையில் கண்டதை ஆலை டன் கணக்கில் செய்தது. யூரியாவின் கரிம அணு ஹைட்ரஜனோடு நேரடியாகப் பிணையவே இல்லை. கரிமம்–ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் அளவுகோலாக எடுத்தால் அதைக் கனிமப் பக்கம் தள்ள நேரும். மூலக்கூறாக நிற்பதாலும், ஏராளமான கரிமச் சேர்மங்கள் அதிலிருந்து கிளைப்பதாலும், பழைய வரலாற்றாலும் அது கரிமச் சேர்மங்களோடுதான் வைக்கப்படுகிறது. எல்லைக்கோட்டில் இத்தகைய முடிவுகள் மரபால் ஆனவை.

திருக்கனூர் வட்டாரத்தின் நெல், கரும்பு வயல்களில் யூரியாவுக்குப் பெயர் ரசாயன உரம். சாணமும் தழையும் இயற்கை உரம். இந்தப் பகுப்பு எங்கே, எப்படி ஆக்கப்பட்டது என்பதைப் பார்க்கிறது. லெமெரியின் காலத்து அளவுகோலோடு அதற்கு உறவு அதிகம். வேதியியலின் பகுப்பில் யூரியா கரிமச் சேர்மம். சாணத்தை எரித்த சாம்பல் கனிமம். மண்ணிலோ, யூரியாவை நுண்ணுயிர்களின் யூரியேஸ் நொதி சில நாள்களில் அம்மோனியாவாகவும் கார்பன் டையாக்சைடாகவும் பிளந்துவிடுகிறது. அம்மோனியம், நைட்ரேட் என்ற கனிம அயனிகளாகவே நெற்பயிரின் வேர் நைட்ரஜனைப் பெரும்பாலும் உறிஞ்சுகிறது. சாணத்திலுள்ள நைட்ரஜனும் மட்கி இதே வடிவத்துக்கு வந்த பிறகே பெருமளவு பயிருக்குச் சேர்கிறது. அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். உறிஞ்சிய அயனிகளைப் பயிர் மீண்டும் அமினோ அமிலங்களாகவும் புரதமாகவும், அதாவது கரிமச் சேர்மங்களாக, தன் உடலுக்குள் கட்டிக்கொள்கிறது. நெய்வேலி உரத் தொழிற்சாலை பிற்காலத்தில் மூடப்பட்டது. இன்று உலகில் யூரியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பெருமளவு இயற்கை எரிவாயுவின் மீத்தேனிலிருந்து, கரிமச் சேர்மங்களிலேயே மிக எளியதிலிருந்து, எடுக்கப்படுகிறது.